அடியை விடாத ரோபோ: குமரிக் கடலில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீரடி ரோபோவை ஒரே ஆழத்தில் நிறுத்தி வைப்பது இன்று எளிதாகிவிட்டது. அழுத்த சென்சாரும் அதைப் படிக்கும் மென்பொருளும் இருந்தால், பத்து மீட்டர் என்று கட்டளையிட்டதும் பத்து மீட்டரில் நிற்கும். சிக்கல் கடலின் தரையில் இருக்கிறது. குளச்சலுக்கு வெளியே மணல் தரை சீராகச் சரிந்துகொண்டே போகும். நடுவே எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரு பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எழும்பி நிற்கும். கடியப்பட்டணம், முட்டம் பக்கம் கரையை ஒட்டியே பாறைகள். இப்படிப்பட்ட தரைக்கு மேலே இரண்டு மீட்டர் இடைவெளியை விடாமல், மேடு வந்தால் ஏறி, பள்ளம் வந்தால் இறங்கி, எதிலும் மோதாமல் ரோபோ போக வேண்டும்.

இந்தத் திறமை நம் மாவட்டத்துக்குத் தேவைப்படுகிறது. சிப்பி படிந்த பாறைகளைப் படம் எடுக்கலாம். அறுந்து பார்களில் சிக்கிக் கிடக்கும் வலைகளைக் கண்டுபிடிக்கலாம். மீன் பெருக்கத்துக்காக இறக்கப்பட்ட செயற்கைப் பாறைகள் மணலில் புதைந்துவிட்டனவா என்று பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் கேமரா தரைக்கு அருகில், மாறாத உயரத்தில் போயாக வேண்டும். கலங்கிய தண்ணீரில் மூன்று மீட்டர் மேலே போனால் படத்தில் பச்சை மட்டுமே விழும். உயரம் மாறிக்கொண்டே இருந்தால் போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

கேபிள் இணைத்த சிறிய ரோபோ ஒன்றை வைத்துக்கொண்டு தொடங்கப் போகும் மாணவர்களையும் மீனவ இளைஞர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கையேடுகள் பல ஏரியிலும் அமைதியான விரிகுடாவிலும் சோதித்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால், குளத்தில் அழகாக ஓடிய ரோபோ நம் கடலில் தரையைத் தட்டும். தெற்கே வெகுதொலைவில் பிறந்து நம் கரைக்கு வரும் நீண்ட அலைகள்தான் அதற்குக் காரணம். அந்த அலைகளைப் பற்றிய பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

இரண்டு எண்கள்

ரோபோவுக்குத் தெரிய வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று ஆழம்: கடலின் மேற்பரப்பிலிருந்து ரோபோ வரை. இதை அழுத்த சென்சார் சொல்கிறது. மற்றொன்று உயரம்: ரோபோவிலிருந்து தரை வரை. இதைக் கீழ்நோக்கிப் பொருத்திய எக்கோ சவுண்டர் சொல்கிறது; ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் கருவி அது. மீன்பிடிப் படகுகளில் இருக்கும் அதே கருவிதான், அளவில் சிறியது.

இரண்டையும் கூட்டினால் அந்த இடத்தில் கடலின் மொத்த ஆழம் கிடைக்கும். இந்தக் கூட்டுத்தொகையை நன்றாக நினைவில் வையுங்கள். இனி வரும் பிழைகளில் பாதியை அதுவே காட்டிக் கொடுக்கும்.

இரண்டு சென்சார்களின் குணமும் வேறு வேறு. அழுத்த சென்சார் வேகமானது, மில்லிமீட்டர் நுணுக்கம் கொண்டது. தரை எங்கே இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. எக்கோ சவுண்டருக்குத் தரை தெரியும். ஆனால் விநாடிக்குச் சில முறைதான் பதில் சொல்லும், இடையிடையே தவறாகவும் சொல்லும்.

கருவிகள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் புளூஆர்ஓவி2 அல்லது அதே அமைப்பில் தாங்களே கட்டிய ரோபோவைப் பயன்படுத்துகிறார்கள். எடை பத்துப் பதினொரு கிலோ, 100 மீட்டர் வரை இறங்கும். மென்பொருள் ஆர்டுசப். அதன் 4.5 பதிப்பிலிருந்து தரையைத் தொடர்வதற்கென்றே சர்ஃப்டிராக் என்ற நிலை இருக்கிறது. எக்கோ சவுண்டராகப் பிங் சோனார் போன்ற ஒன்றைப் பொருத்தினால் போதும்.

எக்கோ சவுண்டரின் முகத்துக்கும் அழுத்த சென்சாருக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுதி வையுங்கள். இருபது சென்டிமீட்டர் இருக்கலாம். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உங்கள் இரண்டு மீட்டர் 1.8 ஆகிவிடும்.

தண்ணீரில் இறக்கும் முன், மின்னணுப் பாகங்கள் அடங்கிய உருளையின் காற்றுக் கசிவைச் சோதிப்பது கட்டாயம். கைப்பம்பால் மெர்க்குரி அளவில் 10 அங்குலம் வரை காற்றை உறிஞ்சி, கால் மணி நேரம் விடுங்கள். முள் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அன்று தண்ணீர் வேலை இல்லை. ரப்பர் வளையங்களைக் கழற்றித் துடைத்து, மணல் துகளோ தலைமுடியோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, மறுபடி சோதியுங்கள்.

மென்பொருளைத் தொடும் முன் மிதப்பு

ரோபோ மேலும் கீழும் ஆடுகிறது என்று வருபவர்களில் பலர் உடனே கட்டுப்பாட்டு எண்களை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் மிதப்பைப் பாருங்கள்.

ரோபோ மிக லேசாக மிதக்க வேண்டும். மோட்டார் எல்லாம் நின்றால் மெதுவாக மேலே வர வேண்டும். நூறிலிருந்து இருநூறு கிராம் வரை மிதப்பு மிச்சம் இருந்தால் போதும். இதனால் மூன்று பலன்கள். மின்சாரம் போனால் ரோபோ தானே மேலே வரும். அடுத்து, த்ரஸ்டர்களுக்கு (ரோபோவைத் தள்ளும் சுழலி மோட்டார்களுக்கு) நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு செத்த பகுதி உண்டு. சிறிய கட்டளைக்கு அவை சுழலாது. மிதப்பு மிகச் சரியாகச் சமநிலையில் இருந்தால் ரோபோ அந்தச் செத்த பகுதியின் இரு பக்கமும் மாறி மாறித் தாவி, ஓயாமல் ஆடும். லேசாக மிதக்கும் ரோபோவின் செங்குத்து த்ரஸ்டர்கள் எப்போதும் ஒரே பக்கமாகச் சுழன்றுகொண்டிருப்பதால் அந்த ஆட்டம் வராது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மிதக்கும் ரோபோவைக் கீழே அழுத்திப் பிடிக்க, த்ரஸ்டர்கள் தண்ணீரை மேல்நோக்கித் தள்ளுகின்றன. அடியிலுள்ள சேறும் மணலும் கலங்குவதில்லை. கனமான ரோபோ தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ளி, தன் கேமராவின் முன்னாலேயே புழுதி கிளப்பிக்கொள்ளும்.

குளத்தில் சரிசெய்த மிதப்பு கடலில் செல்லாது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. பதினொரு கிலோ ரோபோவுக்குக் கடலில் கால் கிலோ அளவு கூடுதல் மிதப்பு கிடைக்கும். அதற்கேற்ற ஈயத்துண்டுகளைத் தனிப் பையில் போட்டு, கடலுக்கு என்று எழுதி வையுங்கள். மென்பொருளிலும் நீரின் அடர்த்தியை மாற்ற வேண்டும். மறந்தால் இருபது மீட்டரில் அரை மீட்டர் பிழை வரும்.

குளத்தில் கூட்டுத்தொகைச் சோதனை

முதல் சோதனைக்குக் கிணறு வேண்டாம். சுவர்கள் நெருக்கமாக இருப்பதால் ஒலி பக்கவாட்டில் பட்டுத் திரும்பி எண்களைக் கெடுத்துவிடும். நம் மாவட்டத்தில் குளத்துக்குப் பஞ்சமில்லை. அகலமான, இரண்டு மூன்று மீட்டர் ஆழமுள்ள குளமாகப் பார்த்து, பொறுப்பில் உள்ளவர்களிடம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். தாமரை வளர்க்கும் குளங்களைத் தவிர்த்துவிடுங்கள். தண்டுகள் த்ரஸ்டரில் சுற்றிக்கொள்ளும், பூ வளர்ப்பவருக்கும் நஷ்டம்.

ரோபோவை நீரில் இறக்கியதும் எக்கோ சவுண்டரின் முகத்தைக் கையால் ஒருமுறை துடையுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் சிறு காற்றுக்குமிழி ஒன்றே போதும், எதிரொலி வராமல் அடைத்துவிடும். பிறகு ரோபோவை ஒரே இடத்தில் வைத்து, மெதுவாக ஒரு மீட்டர் இறக்கி ஏற்றுங்கள். ஆழம், உயரம், இரண்டின் கூட்டுத்தொகை ஆகிய மூன்றையும் பதிவு செய்து வரைபடமாகப் போட்டுப் பாருங்கள்.

சமமான தரையில் கூட்டுத்தொகை அசையாத நேர்கோடாக வர வேண்டும். ரோபோ மேலே போகும்போது ஓர் எண்ணும் கீழே வரும்போது வேறோர் எண்ணும் வந்து, நிறுத்தியதும் பழைய இடத்துக்குத் திரும்பினால், ஒரு சென்சார் மற்றதைவிடத் தாமதமாக வருகிறது என்று பொருள். ஆழத்துக்கு ஏற்பக் கூட்டுத்தொகை சீராக மாறினால் அளவுக் கணக்கில் பிழை. பெரும்பாலும் நீரின் அடர்த்தியோ ஒலியின் வேகமோ தவறாக இருக்கும்.

ஒலியின் வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கருவிகள் வழக்கமாக விநாடிக்கு 1500 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். நம் வெதுவெதுப்பான கடலில் அது ஏறத்தாழ 1540. இரண்டு மீட்டர் உயரத்தில் இந்த வேறுபாடு ஐந்து சென்டிமீட்டர்தான். அதேபோல, ரோபோ முன்னோக்கிச் சாயும்போது உயரத்தைத் திருத்த வேண்டுமா என்று கேட்பார்கள். 30 பாகை அகலமுள்ள ஒலிக்கற்றைக்கு, சாய்வு 15 பாகைக்குள் இருக்கும்வரை நேர்கீழே உள்ள தரையே முதலில் எதிரொலிக்கும். திருத்தம் தேவையில்லை, திருத்தினால்தான் பிழை வரும்.

கட்டுப்பாட்டை இரண்டு அடுக்காக வையுங்கள்

எக்கோ சவுண்டர் சொல்லும் உயரத்தை நேரடியாகச் செங்குத்து த்ரஸ்டர்களுடன் இணைக்காதீர்கள். ஒரு தவறான எதிரொலி வந்தால் ரோபோ அந்த நொடியே பாயும்.

கீழ் அடுக்கு ஆழத்தைப் பிடிக்கட்டும். இது ஆர்டுசப்பில் ஏற்கெனவே நன்றாக இயங்குகிறது. வழக்கமான உடலமைப்புள்ள ரோபோவுக்கு அதன் எண்களைத் தொட வேண்டிய தேவை இருக்காது. மேல் அடுக்கு, தரை எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை மட்டும் மதிப்பிடும்: ஆழம் கூட்டல் உயரம். அதிலிருந்து நீங்கள் விரும்பும் உயரத்தைக் கழித்தால் ரோபோ போக வேண்டிய ஆழம் கிடைக்கும். அந்த ஆழத்தைக் கீழ் அடுக்கிடம் கொடுத்துவிடுங்கள். தரை 14 மீட்டரில், விரும்பும் உயரம் 2 மீட்டர் என்றால் கட்டளை 12 மீட்டர். தரை 13.5 ஆக ஏறினால் கட்டளை 11.5 ஆகும்.

கட்டளை மாறும் வேகத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். உங்கள் ரோபோ விநாடிக்கு 40 சென்டிமீட்டர்தான் ஏறும் என்றால் அதற்கு மேல் கேட்பதில் பயனில்லை. எட்ட முடியாத கட்டளையைத் துரத்தும்போது கட்டுப்பாட்டின் தொகைப் பகுதி பிழையைச் சேர்த்துக்கொண்டே போய், பிறகு இலக்கைத் தாண்டிப் பாயும்.

சொந்தமாகக் கட்டிய ரோபோவுக்குக் கட்டுப்பாட்டு எண்களை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். விகித எண்ணை (P) மட்டும் வைத்துத் தொடங்குங்கள். 30 சென்டிமீட்டர் இறங்கச் சொல்லுங்கள். இலக்கைத் தாண்டி இரண்டு மூன்று முறை ஆடினால் மாற்ற வேகத்துக்கான எண்ணைக் (D) கொஞ்சம் கூட்டுங்கள். இலக்குக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டால் அது மிதப்பின் வேலை. தொகை எண்ணைச் (I) சிறிதளவு சேர்த்தால் சரியாகிவிடும்.

பொய் எதிரொலிகள்

எக்கோ சவுண்டர் ஏமாற்றும் வழிகளை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். நீர் ஆழமில்லாத இடத்தில் ஒலி தரையில் பட்டு, மேற்பரப்பில் பட்டு, மறுபடி தரையில் பட்டு வரும்; இல்லாத ஆழம் ஒன்று திரையில் தெரியும். மீன் கூட்டம் குறுக்கே போனால் உயரம் திடீரெனக் குறையும். அலை உடையும் இடத்தின் நுரை ஒலியை விழுங்கிவிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது மிக அருகில் நடப்பது. இவ்வகைச் சிறு கருவிகளுக்கு முதல் முப்பதிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் வரை குருட்டுப் பகுதி. ரோபோ அதற்குள் இறங்கிவிட்டால் முதல் எதிரொலி தவறிப்போய், இரண்டாம் எதிரொலியை உண்மை என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் ரோபோ 80 என்று காட்டும். கட்டுப்பாடும் அதை நம்பி இன்னும் இறக்கும். ஆகவே குருட்டுப் பகுதிக்கு வெகு மேலேயே காவல் எல்லை வையுங்கள். உயரம் 80 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் முன்னேறுவது நிற்க வேண்டும், ரோபோ ஏற வேண்டும். வேறு எந்தக் கட்டளையும் இதை மீறக் கூடாது.

தனித்த தவறான எண்களைக் களைய, கடைசி ஐந்து அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்காதீர்கள். ஐந்தில் ஒன்று முற்றிலும் தவறாக இருந்தாலும் நடு எண் அசையாது; சராசரி அசையும். கருவி எதிரொலியின் நம்பகத்தை நூற்றுக்கு இத்தனை என்று கொடுத்தால், அது குறைவாக இருக்கும் அளவுகளை முதலிலேயே தள்ளிவிடுங்கள்.

அரை மீட்டருக்கு மேல் தாவும் அளவுகளுக்கு மட்டும் இன்னொரு விதி. தரை அருகில் வந்துவிட்டது என்று சொன்னால் உடனே நம்புங்கள், தொடர்ந்து இரண்டு அளவுகள் அப்படி வந்தால் போதும். தரை விலகிவிட்டது என்று சொன்னால் ஒரு விநாடி காத்திருந்து, எல்லா அளவுகளும் அதையே சொன்னால் மட்டும் இறங்குங்கள். மீன் கூட்டத்தைப் பார்த்து ரோபோ வீணாக ஏறினால் சில விநாடிப் படம்தான் போகும். இல்லாத பள்ளத்தில் இறங்கினால் ரோபோவே போகும்.

நீண்ட அலை: நம் கடலின் பாடம்

நம் கரைக்கு வரும் அலைகள் இரண்டு வகை. உள்ளூர்க் காற்று எழுப்பும் குட்டையான அலைகளின் தாக்கம் சில மீட்டர் ஆழத்திலேயே தேய்ந்துவிடும். தென் பெருங்கடலில் பிறந்து வரும் நீண்ட அலைகள் அப்படி இல்லை. மேலே கடல் அமைதியாகத் தெரியும்போதும் அவை அடி வரைக்கும் தொடும். கள்ளக்கடல் என்று நாம் சொல்வது இவற்றின் கடுமையான வடிவம்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஆழம் 20 மீட்டர். அலையின் உயரம் ஒரு மீட்டர், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி 14 விநாடி. ரோபோ தரையிலிருந்து இரண்டு மீட்டர் மேலே நிற்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் மேலும் கீழும் அசைவது ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குத்தான். ஆனால் தலைக்கு மேல் போகும் அலை முகட்டின் எடை அழுத்தமாகக் கீழே இறங்குகிறது. அழுத்த சென்சாரின் கணக்கில் ஆழம் 40 சென்டிமீட்டர் கூடி, 40 சென்டிமீட்டர் குறைகிறது. ரோபோ நகரவே இல்லை. ஆழ எண் மட்டும் ஊசலாடுகிறது.

ஆழத்தைப் பிடிக்கும் கீழ் அடுக்கு இதை நம்பிவிடும். ஆழம் கூடிவிட்டது என்று நினைத்து ரோபோவை ஏற்றும், குறைந்துவிட்டது என்று நினைத்து இறக்கும். 14 விநாடி என்பது நிதானமான அசைவு என்பதால் ரோபோ அதை முழுவதும் பின்பற்றும். ஒரு மீட்டர் உயரத்தில் போகச் சொல்லியிருந்தால் 60 சென்டிமீட்டருக்கு இறங்கும். அங்கே ஒரு சிறு பாறை இருந்தால் போதும்.

எக்கோ சவுண்டர் இந்த நேரத்தில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆழ எண்ணில் உள்ள ஊசல் கூட்டுத்தொகையிலும் அப்படியே வருகிறது. கூட்டுத்தொகையை உடனுக்குடன் பயன்படுத்தினால், கட்டளையிலும் அதே ஊசல், அளவிலும் அதே ஊசல். ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு ரோபோ அசையாமல் நிற்கும். கூட்டுத்தொகையை நீண்ட நேரச் சராசரியால் வழவழப்பாக்கினால் இந்தக் கழித்தல் நடக்காது. ஒரு விநாடி வழவழப்பு வைத்தால் மேலே சொன்ன அலையில் ரோபோ இரு பக்கமும் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் ஆடும். அரை விநாடி வைத்தால் ஒன்பது. மூன்று விநாடி வைத்தால் முப்பதைத் தாண்டும்.

குளத்தில் இதற்கு நேர்மாறாகத் தெரியும். அங்கே மூன்று விநாடிச் சராசரி வைத்தால் கோடு கண்ணாடி போல் வரும், பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும். அந்த மகிழ்ச்சியை நம்பிக் கடலுக்கு வராதீர்கள். தவறான எண்களை நடு எண் முறையால் களைந்துவிட்டு, வழவழப்பை அரை விநாடியோடு நிறுத்துங்கள். சராசரி வேண்டாம் என்று முன்பு சொன்னதற்கு முக்கியக் காரணமும் இதுதான்.

அலை பக்கவாட்டிலும் தள்ளும். அதே கணக்கில் தரை அருகே தண்ணீர் விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகம் வரை முன்னும் பின்னும் போகும். ரோபோ ஒரு மீட்டருக்கு மேல் போய் வரும். பாறைக்குப் பக்கத்தில் வேலை என்றால் அந்தத் தூரத்தையும் விட்டு நில்லுங்கள்.

வேகமும் பாறை முகமும்

கீழ்நோக்கிய ஒலிக்கற்றை 30 பாகை அகலம் என்றால், இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் ஒரு மீட்டர் அகல வட்டத்தைத்தான் பார்க்கும். முன்பக்கம் தெரிவது அரை மீட்டர். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போனால், பாறையைப் பார்ப்பதற்கும் பாறைமேல் இருப்பதற்கும் நடுவே ஒரே விநாடி.

மணலிலிருந்து மூன்று மீட்டர் எழும்பும் பார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் உயரத்தில் வரும் ரோபோ, பாரின் முகட்டுக்கு ஒரு மீட்டர் மேலே போக வேண்டுமானால் இரண்டு மீட்டர் ஏற வேண்டும். விநாடிக்கு 40 சென்டிமீட்டர் ஏறும் ரோபோவுக்கு ஐந்து விநாடி, சென்சார் தாமதத்துக்கு இன்னும் அரை விநாடி. கீழ்நோக்கிய கருவியை மட்டும் வைத்து இது நடக்காது.

இரண்டாவது எக்கோ சவுண்டரை 45 பாகை முன்னோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள். இரண்டு மீட்டர் உயரத்தில் அது இரண்டு மீட்டர் முன்னே உள்ள தரையைப் பார்க்கும். சமமான தரையில் 2.8 மீட்டர் தூரம் காட்டும். அதைவிடக் குறைந்தால் முன்னே ஏதோ எழும்புகிறது. வேகத்தை விநாடிக்கு 30 சென்டிமீட்டராகக் குறைத்தால் இரண்டு மீட்டரைக் கடக்க ஆறரை விநாடி கிடைக்கும்; ஏறுவதற்குத் தேவையான ஐந்தரை விநாடி அதற்குள் அடங்கிவிடும். இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் ஒலி எழுப்பினால் ஒன்றின் எதிரொலியை மற்றது எடுத்துக்கொள்ளும். மாறி மாறி ஒலிக்க வையுங்கள்.

சாய்ந்த கருவிக்கு ஒரு குறை உண்டு. வழவழப்பான மணலில் பட்ட ஒலி முன்னோக்கித் தெறித்துப் போய்விடும், எதிரொலி பலவீனமாக வரும். முன்னால் ஒன்றும் இல்லை என்று அந்த மௌனத்துக்குப் பொருள் கொள்ளக் கூடாது. எதிரொலி வந்தால் மட்டும் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிரொலி நின்றுபோனால்

இந்தச் சூழலுக்கான ஒழுங்கைக் கரையிலேயே எழுதிச் சோதித்துவிடுங்கள். உடனே முன்னேறுவதை நிறுத்த வேண்டும். ஒரு விநாடி ஆழத்தைப் பிடித்து நிற்க வேண்டும். அப்போதும் எதிரொலி இல்லையென்றால் ஒரு மீட்டர் ஏறித் தேட வேண்டும். பத்து விநாடிக்குப் பிறகும் இல்லையென்றால் மெதுவாக மேற்பரப்புக்கு வர வேண்டும். தரையைத் தேடிக் கீழே இறங்கும் பழக்கத்தை எந்த மென்பொருளிலும் அனுமதிக்காதீர்கள். குளத்தில் எக்கோ சவுண்டரின் முகத்தை ஒரு துணியால் மூடி, ரோபோ என்ன செய்கிறது என்று பாருங்கள்.

கடலுக்குப் போகும்போது

முதல் கடல் சோதனைக்கு மேற்குப் பக்கக் கரையில் டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நினைக்கவே வேண்டாம். காற்று எழும் முன் காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல் முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படாதீர்கள். அலைகளுக்கு இடையிலான விநாடிகளையும் பாருங்கள். உயரம் ஒரு மீட்டர்தானே என்று தோன்றும். இடைவெளி 14, 16 விநாடி என்று இருந்தால் அன்று உங்கள் குறைந்தபட்ச உயரம் இரண்டு மீட்டர். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் வீட்டிலேயே இருங்கள்.

மீன்வளத்துறையிடமும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து அனுமதி கேளுங்கள். ஊரில் படகுக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள். பார் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் செங்குத்து, எந்தப் பக்கம் சரிவு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கரையில் தேவாலயக் கோபுரத்தையும் பின்னால் உள்ள மலையையும் நேர்கோட்டில் வைத்து இடம் குறிப்பவர்கள் அவர்கள். அந்தப் பக்கம் யாராவது சிங்கி இறால் பிடிக்கும் வலை போட்டிருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அடியில் கிடக்கும் வலை கேமராவில் கடைசி நொடியில்தான் தெரியும். ரோபோ சிக்கினால் உங்களுக்கு மட்டும் நஷ்டமில்லை, அவருடைய வலையும் கிழியும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கிடைக்காது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்தில் இரண்டும் உண்டு என்பதால் உங்கள் துறைமுகம் எதில் சேர்கிறது என்று பார்த்துத் திட்டமிடுங்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் மணல் மேடிட்டு அலை எழும்பும் நாட்களில் அனுபவமுள்ளவர்களே தயங்குவார்கள்; கருவிப் பெட்டியோடு அந்த வழியாகப் போகத் துணியாதீர்கள்.

படகு நங்கூரமிட்டு நிற்கட்டும், எஞ்சின் அணைந்திருக்கட்டும். கேபிளைக் கவனிப்பது மட்டுமே வேலையாக ஒருவர் வேண்டும். அவர் கேபிளைக் கையில் பிடித்தபடி, விரல்களுக்கு இழுப்பு தெரிந்ததும் விட வேண்டும், தொய்ந்ததும் இழுக்க வேண்டும். இறுகிய கேபிள் ரோபோவின் மூக்கை மேலே தூக்கிவிடும். கட்டுப்பாட்டில் பிழை என்று நினைத்து நீங்கள் எண்களை மாற்றத் தொடங்கிவிடுவீர்கள்.

முதல் நாள் மணல் தரையில் மட்டும் ஓட்டுங்கள். மூன்று மீட்டர் உயரம், விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகம். சீராக வந்தால் இரண்டரை, பிறகு இரண்டு என்று இறக்குங்கள். உயரத்தையும் வேகத்தையும் ஒரே ஓட்டத்தில் மாற்றாதீர்கள். மணலில் நன்றாக ஓடிய பிறகு பாரின் சரிவான பக்கத்திலிருந்து ஏறிப் பாருங்கள். செங்குத்தான பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்த பிறகு

ரோபோவை நன்னீரில் ஊற வையுங்கள், த்ரஸ்டர்களை அதற்குள்ளேயே சில நொடிகள் மெதுவாகச் சுழல விடுங்கள். அது ஊறும் நேரத்தில் அன்றைய பதிவுகளைத் திறந்து, ஆழம், உயரம், கட்டளை, கூட்டுத்தொகை ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள்.

கூட்டுத்தொகையில் 10 முதல் 16 விநாடி இடைவெளியில் ஊசல் தெரிந்தால் அது அலை. உயரக் கோட்டில் அதே ஊசல் இல்லையென்றால் கட்டுப்பாடு சரியாக வேலை செய்கிறது. உயரத்திலும் தெரிந்தால் வழவழப்பைக் குறையுங்கள். இரண்டு மூன்று விநாடி இடைவெளியில் ஆட்டம் தெரிந்தால் அது ரோபோவின் சொந்த ஆட்டம். முதலில் மிதப்பு, அடுத்து சென்சார் தாமதம், கடைசியாகத்தான் கட்டுப்பாட்டு எண்கள் என்ற வரிசையில் பாருங்கள். கூட்டுத்தொகை ஒரு படியைப் போலத் தாவி அங்கேயே நின்றால் நீங்கள் ஒரு பாரின் விளிம்பைக் கடந்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் படகு இருந்த ஜிபிஎஸ் இடத்தைக் குறித்துவைத்து, அடுத்த முறை படகுக்காரரிடம் காட்டுங்கள். அந்தப் பாரின் பெயரும் அதன் மறுபக்கம் எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.